1!, 2!, 3!, 4! என்று பெயர் வைத்த கமடோர் ஃபைல்கள்: எப்படிப் பிரிப்பது?

கரிசல்காட்டான்

வணக்கம். ஸ்கார்பரோவில் இருக்கும் என் மாமா, பழைய சாமான் விற்பனை ஒன்றில் ஒரு பெட்டி நிறைய ஐந்தேகால் இன்ச் ஃப்ளாப்பி வாங்கியிருக்கிறார். எல்லாம் கமடோர் 64 என்ற 80-களின் வீட்டுக் கணினிக்கு உரியவை. அங்கே ஒரு நண்பர் அவற்றைப் படித்து, டிஸ்க் ஒன்றுக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அது இப்போது என் கையில். அந்தக் கணினியைப் பி.சியில் போலியாக ஓட்டும் வைஸ் எமுலேட்டரில் கேம் ஆடியிருக்கிறேன், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

சாதாரண நிரல்கள் ஓடுகின்றன. சிக்கல் மற்றவற்றில்.

ஒரே பெயருக்கு முன்னால் 1!, 2! என்று எண் போட்ட ஃபைல்கள் இருக்கின்றன. 1! என்று தொடங்குவதை 8,1 கொடுத்து லோட் செய்தால் திரை முழுக்கக் கிறுக்கல் எழுத்தாகக் கொட்டுகிறது. ரன் கொடுத்தால் ஒன்றும் நடப்பதில்லை.

இன்னொரு வகை, பெயரின் கடைசியில் எல்.என்.எக்ஸ் என்று முடிகிறது. ரன் கொடுத்தால், லிங்க்ஸ் கொண்டு இந்த ஃபைலைக் கரைக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி திரையில் வந்துகொண்டே இருக்கிறது, நிற்பதில்லை. எஸ்.டி.ஏ, சி.வி.டி என்று முடிபவையும் சில உண்டு.

ஃபைல்கள் கெட்டுப்போய்விட்டனவா? இல்லை, இது ஏதாவது காப்பிப் பாதுகாப்பா?

வட்டுவாசி

கெடவில்லை, பாதுகாப்பும் இல்லை. மோடம் வழியாக அனுப்புவதற்காகக் கட்டிய பொதிகள் இவை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கிறுக்கல். கமடோரில் பி.ஆர்.ஜி வகை ஃபைலின் முதல் இரண்டு பைட், அது நினைவகத்தில் எந்த முகவரியில் இறங்க வேண்டும் என்பதைச் சொல்லும். பேசிக் நிரல் என்றால் 1, 8 என்று இருக்கும். 8-ஐ 256-ஆல் பெருக்கி 1 கூட்டினால் 2049, பேசிக் தொடங்கும் இடம். எண் போட்ட உங்கள் ஃபைல்கள் ஜிப்கோட் என்ற கருவி செய்தவை. அவற்றில் 2!, 3!, 4! மூன்றிலும் முகவரி 1024. அதுதான் இந்த மெஷினின் திரை நினைவகம் தொடங்கும் இடம். 8,1 என்று லோட் செய்யும்போது டிஸ்கின் தரவு நேராகத் திரையில் போய் விழுகிறது, அதைத்தான் பார்த்தீர்கள். 1! ஃபைலில் மட்டும் 1022 என்று இருக்கும். டிஸ்கின் இரண்டெழுத்து அடையாளக் குறி முன்னால் ஒட்டிக்கொண்டு வருவதால் இரண்டு பைட் பின்னுக்குப் போகிறது. மிச்சம் எல்லாம் அதே 1024-இலிருந்துதான்.

ஜிப்கோடுக்கு டிஸ்கில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலை கிடையாது. டிஸ்கை டிராக் டிராக்காக எடுக்கும். கமடோரின் 1541 டிரைவில் ஒரு பக்கத்துக்கு 35 டிராக் (வட்டப் பாதை), அவற்றில் மொத்தம் 683 செக்டர் (256 பைட் துண்டு). 1! என்பது டிராக் 1 முதல் 8 வரை, 2! என்பது 9 முதல் 16 வரை, 3! என்பது 17 முதல் 25 வரை, 4! என்பது 26 முதல் 35 வரை. உள்ளே போகப்போக டிராக்கின் சுற்றளவு குறைவதால் செக்டரும் குறைகிறது. 1 முதல் 17 வரை டிராக்குக்கு 21, பிறகு 19, 18, கடைசி ஐந்து டிராக்கில் 17. அதனால்தான் கடைசித் துண்டுக்குப் பத்து டிராக் கொடுத்திருக்கிறார்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துவிடும்.

ஏன் நாலு துண்டு? மொத்த நினைவகமே 64 கேபி. ஒரு டிஸ்க் 170 கேபி. ஒரு துண்டு எந்த நிலையிலும் 45 கேபியைப் பெரிதாகத் தாண்டாது, முழுசாக நினைவகத்தில் உட்காரும். பெரும்பாலான வீடுகளில் டிரைவ் ஒன்றுதான். துண்டைப் படித்து, டிஸ்கை மாற்றி, டிராக்குகளை எழுதி, மறுபடி பழைய டிஸ்கைப் போட்டு அடுத்த துண்டைப் படிப்பார்கள்.

சுருக்கும் முறை மிக எளிது. ஒவ்வொரு செக்டருக்கும் முன்னால் டிராக் எண், செக்டர் எண் என்று இரண்டு பைட். டிராக் எண் 35-ஐத் தாண்டாது என்பதால் அந்த பைட்டின் மேல் இரண்டு பிட் சும்மா கிடக்கும். எந்த முறை என்பதை அதில் குறித்துவிடுவார்கள். 256 பைட்டும் ஒரே மதிப்பு என்றால் அந்த ஒரு பைட்டை மட்டும் வைத்தால் போதும். திரும்பத் திரும்ப வரும் பைட்டுகள் இருந்தால் எண்ணிக்கையாகச் சுருக்கலாம். இரண்டும் தேறாவிட்டால் 256-ஐயும் அப்படியே வைப்பது. ஃபார்மேட் செய்து எழுதப்படாத செக்டரில் பெரும்பாலும் 1 என்ற மதிப்பே நிரம்பியிருக்கும், அது பத்து பைட்டுக்குள் அடங்கிவிடும். பாதி காலியான டிஸ்க் நன்றாகச் சுருங்கும். நிரம்பிய டிஸ்க் அசையாது.

பிரிப்பதற்கு எமுலேட்டரில் எல்லாம் மெனக்கெட வேண்டாம். வைஸோடு வரும் சி1541 கருவியில் இசட்கிரியேட் என்ற கட்டளை நாலையும் சேர்த்து ஒரு டிஸ்க் இமேஜ் ஆக்கிவிடும். எல்.என்.எக்ஸ் ஃபைலுக்கு அதே கருவியில் அன்லிங்க்ஸ்.

எஸ்.டி.ஏ தானே பிரியும் பொதி. வெற்று டிஸ்க் இமேஜ் ஒன்றில் அதை மட்டும் நகலெடுத்து, அங்கேயே லோட் செய்து ரன் கொடுங்கள். சில பொதிகள் கமடோர் 128-க்குச் செய்தவை, அவை 64-இல் ஓடாது.

மோடம்_மாணிக்கம்

தம்பி, இந்தப் பெயர்களைப் பார்த்து எத்தனையோ வருஷம். நான் 80-களின் கடைசியில் ரொறொன்ரோவுக்கு வந்தவன். ரொறொன்ரோ பெட் யூசர்ஸ் குரூப் என்று கமடோர்காரருக்குப் பெரிய சங்கம் அங்கே இருந்தது. இலவச நிரல்களை டிஸ்க் டிஸ்காகச் சேர்த்து வைத்திருந்தார்கள். உங்கள் மாமாவின் பெட்டியில் அந்தச் சங்கத்துச் சரக்கு இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

அப்போது ஏன் சுருக்கினோம் என்பது 300 பாட் மோடத்தில் குந்தியிருந்தவனுக்குத்தான் விளங்கும். 300 பாட் என்றால் விநாடிக்கு 30 எழுத்து. ஒரு பக்க டிஸ்க் 174,848 பைட். வகுத்துப் பாருங்கள், 97 நிமிஷம்! வழியில் பிழை வந்து திருப்பி அனுப்புகிற நேரம் இதில் சேர்த்தி இல்லை. 1200-இல் 24 நிமிஷம், 2400-இல் 12. உள்ளூர் அழைப்புக்குத் தனிக் காசு இல்லை, உண்மைதான். ஆனால் வீட்டில் ஒரே லைன். அந்த ஒன்றரை மணித்தியாலமும் வேறு யாரும் கதைக்க முடியாது. மோடத்தில் அழைத்து நிரல் ஏற்றி இறக்குகிற புல்லட்டின் போர்டை நடத்துகிறவரிடமும் ஒரே லைன்தான், அதனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று வெட்டிவிடுவார். இறக்கம் பாதியில் நிற்கும்.

ஆகவே 30 சதவீதம் சுருங்கினால் அரை மணித்தியாலம் மிச்சம். மற்றதெல்லாம் பிறகு.

இன்னொரு விஷயம். 1541 டிரைவின் வேகம் தெரியுமா? வேகமூட்டி ஒன்றும் போடாவிட்டால் விநாடிக்கு 300 பைட் போல. 2400 மோடம் 240 பைட் தரும். டெலிபோன் கம்பியும் பக்கத்தில் இருக்கிற டிரைவும் கிட்டத்தட்ட ஒரே வேகம்!

நித்யா2049

வட்டுவாசி சொன்ன எல்லாமும் சரி. மாணிக்கம் ஐயா சொன்ன நேரக் கணக்கும் சரி. ஆனால் சுருக்குவதற்காகத்தான் பொதி வந்தது என்பதை நான் ஏற்கவில்லை. பொதி வந்த முதல் காரணம் வேறு. கரிசல்காட்டானின் லிங்க்ஸ் ஃபைலே அதற்குச் சாட்சி.

லிங்க்ஸ் ஒரு பைட்டைக்கூடச் சுருக்காது. வில் கோர்லி எழுதிய அந்தக் கருவி, பல ஃபைல்களை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி ஒரே ஃபைல் ஆக்கும், அவ்வளவுதான். லிங்க்ஸ் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். முதலில் ஒரு குட்டி பேசிக் நிரல் இருக்கும், உங்கள் திரையில் ஓயாமல் வந்த வரி அதிலிருந்துதான் வருகிறது. தெரியாமல் ஓட்டுபவருக்குத் தகவல் சொல்ல வைத்த ஏற்பாடு. அதற்குப் பின்னால் ஒரு பட்டியல்: ஃபைலின் பெயர், எத்தனை பிளாக் (டிஸ்கில் ஒரு செக்டர் ஒரு பிளாக்), எந்த வகை, கடைசி பிளாக்கில் எத்தனை பைட் பயன்பட்டிருக்கிறது. பட்டியல் முடிந்ததும் ஃபைல்கள், ஒவ்வொன்றும் 254 பைட் எல்லையில் தொடங்கும். 256 பைட் செக்டரில் முதல் இரண்டு பைட் அடுத்த செக்டர் எங்கே என்று காட்டப் போய்விடும், தரவுக்கு மிஞ்சுவது 254. லிங்க்ஸ் அந்த அளவையே அலகாக எடுத்துக்கொண்டது. கடைசி பிளாக்கின் காலி இடமும் கூடவே போவதால், பொதி உள்ளே இருக்கும் சரக்கைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

நேரத்தை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் இதை ஏன் ஆயிரக்கணக்கில் பயன்படுத்தினார்கள்?

அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெயர், வகை, சரியான நீளம். கம்பி வழியே போகும்போது உதிர்ந்துவிடுவது இந்த மூன்றும்தான். எக்ஸ்மோடம் என்பது மோடத்தில் ஃபைல் அனுப்பும் நெறிமுறை, வார்ட் கிறிஸ்டென்சன் 1977-இல் சி.பி.எம் இயங்குதள மெஷின்களுக்கு எழுதியது. 128 பைட்டாக அனுப்பும். ஃபைலின் பெயரை அனுப்பாது. வகையை அனுப்பாது. நீளம் 128-ஆல் வகுபடாவிட்டால் கடைசித் துண்டைக் குப்பையால் நிரப்பி அனுப்பும். சி.பி.எம்-இல் ஃபைலின் நீளமே 128 பைட் கணக்கில்தான் இருக்கும் என்பதால் அங்கே அது குறையாகத் தெரியவில்லை. கமடோரில் பி.ஆர்.ஜி, எஸ்.இ.க்யூ, யு.எஸ்.ஆர், ரெல் என்று ஃபைலுக்கு வகை உண்டு, அதுவும் பெயரும் டைரக்டரியில்தான் இருக்கும். ஃபைலுக்குள் இருக்காது. கம்பி வழியாகப் போவது உள்ளே இருப்பது மட்டுமே. பெயர்ச்சீட்டு கிழிந்த லாரி பார்சல் மாதிரி அந்தப் பக்கம் போய்ச் சேரும். பொதி கட்டுகிறவர்கள் அந்தச் சீட்டை உள்ளேயே வைத்துத் தைத்தார்கள்.

பொதி முதலில் வந்தது இதற்காக. சுருக்கம் அதில் ஏறிக்கொண்டது.

மோடம்_மாணிக்கம்

நித்யா, எக்ஸ்மோடத்தைச் சொல்லிவிட்டு பன்டரை விட்டுவிட்டீர்களே. மிசிசாகாவில் ஸ்டீவ் பன்டர் எழுதிய நெறிமுறை, கமடோர் போர்டுகள் கனக்க அதில்தான் ஓடின. தரவுக்கு முன்னால் ஃபைல் பி.ஆர்.ஜியா எஸ்.இ.க்யூவா என்று அது தானே சொல்லிவிடும். கடைசித் துண்டையும் உள்ள அளவுக்கே அனுப்பும், குப்பை வராது. கமடோரிலிருந்து கமடோருக்குப் போகையில் சீட்டு கிழியவில்லை.

அப்படியிருந்தும் நாங்கள் ஆர்க் என்ற சுருக்கும் கருவியைப் போட்டுத்தான் ஏற்றினோம். எதற்கு? நேரத்துக்கு.

நித்யா2049

பன்டர் சரியான மறுப்புதான் ஐயா, கமடோர் போர்டு வரைக்கும். ஆனால் கம்ப்யூசர்வ் மாதிரி பெரிய சேவையில் ஏற்றினால் மறுமுனையில் இருப்பது கமடோர் இல்லை. அங்கே பன்டர் இல்லை, பி.ஆர்.ஜி என்றால் என்னவென்று அந்த மெஷினுக்குத் தெரியாது. இடையில் ஒரு அந்நிய மெஷின் புகுந்துவிட்டால் சீட்டு உள்ளே இருந்தாக வேண்டும்.

ரெல் ஃபைலையும் யோசியுங்கள். அதற்கு ரெக்கார்ட் நீளம் என்று ஒன்று உண்டு, தரவைச் சுட்டும் தனி செக்டர்களும் உண்டு. பி.ஆர்.ஜியா எஸ்.இ.க்யூவா என்று மட்டும் சொல்லி அதை நகர்த்த முடியாது.

சி.வி.டி பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். ஜியாஸ் என்று 1986-இல் பெர்க்லி சாஃப்ட்வொர்க்ஸ் வெளியிட்ட வரைகலை இயங்குதளம், அதே கமடோர் 64-இல் ஓடும். ஜியாஸ் ஃபைல் என்பது ஒற்றை நீளத் தரவு இல்லை. தகவல் பிளாக் ஒன்று, அதில் 24-க்கு 21 புள்ளி ஐகான், ஆசிரியர் பெயர், எந்த வகை நிரல் என்பதெல்லாம் இருக்கும். பிறகு பல ரெக்கார்டுகள், ஒவ்வொன்றும் தனிச் சங்கிலி. சாதாரணமாக நகலெடுத்தால் ஒரு சங்கிலிகூட உருப்படியாக வராது. கன்வெர்ட் என்ற கருவி டைரக்டரி வரி, தகவல் பிளாக், ரெக்கார்டுப் பட்டியல், ரெக்கார்டுகள் எல்லாவற்றையும் வரிசையாக ஒரு சாதாரண ஃபைலில் அடுக்கிக் கொடுக்கும். சி.வி.டி அதுதான். சுருக்கம் கிடையாது. இதைச் செய்யாமல் ஜியாஸ் ஃபைலை அனுப்பவே முடியாது. 97 நிமிஷம் காத்திருந்தாலும் முடியாது.

ஆப்பிள்தோட்டம்

நடுவில் ஒரு மேக் ஆள் நுழையலாமா? நித்யா பக்கம்தான் நான்.

மேக்கில் ஒரு ஃபைலுக்கு இரண்டு பாகம். தரவு ஒரு கிளை, ஐகான், மெனு, நிரல் துண்டுகள் எல்லாம் இன்னொரு கிளை. எக்ஸ்மோடத்தில் ஒரு கிளைதான் போகும். நிரல் முழுக்க இரண்டாவது கிளையில் இருந்தால் மறுபக்கம் வருவது வெறும் காலி ஃபைல்! 1985-இல் மேக்பைனரி என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள்: 128 பைட்டில் ஒரு தலைப்பு, பெயர், வகை, உருவாக்கிய நிரல், தேதி எல்லாம் அதில். பிறகு இரண்டு கிளைகளும் 128-இன் மடங்காக நிரப்பி வரும். ஏன் 128 என்று இந்த இழையைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பின்ஹெக்ஸ் 4.0 இன்னும் ஒரு படி மேலே. அதே ஆண்டு, இவ் லம்பெரூர் எழுதியது. எட்டு பிட் தரவை ஆறு ஆறு பிட்டாக வெட்டி, சாதாரண எழுத்துகளாக மாற்றும். மூன்று பைட் நான்கு எழுத்தாகும். ஒரே பைட் திரும்பத் திரும்ப வரும் இடத்தை மட்டும் சுருக்கும், மற்றபடி பொதி மூன்றில் ஒரு பங்கு வீங்கிவிடும். மோடத்தில் நிமிஷம் எண்ணியவர்கள்தான் இந்த வீக்கத்தையும் சகித்துக்கொண்டு அனுப்பினார்கள். காரணம், எட்டாவது பிட்டை மதிக்காத மின்னஞ்சல் பாதைகளில் இப்படி எழுத்தாக மாற்றியவைதான் உயிரோடு போய்ச் சேர்ந்தன.

1987-இல் ரேமண்ட் லாவ், நியூயார்க்கில் பள்ளி மாணவராக இருந்தபோது, ஸ்டஃப்இட் எழுதினார். அதன் பிறகு ஸ்டஃப்இட்டால் சுருக்கி, அதைப் பின்ஹெக்ஸால் வீங்கவைத்து அனுப்புவதே வழக்கமாகிவிட்டது. ஆப்பிள் டூ பக்கமும் இதே கதை, பைனரி டூ உறையாக வந்தது, ஷ்ரிங்க்இட் சுருக்கியது.

சும்மா_வந்தவன்

இத்தனை சண்டை எதுக்கு? ஜிப்னு ஒண்ணு இருக்கு, சுருக்கவும் செய்யும், பேரையும் வச்சுக்கும். அப்பவே எல்லாரும் அதை எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்.

வட்டுவாசி

ஜிப் வந்ததே 1989-இல். அதற்கு முன்னால் 1985-இல் வந்த ஆர்க்தான் இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்து பரவியது. அதற்கும் முன்னால் சி.பி.எம் உலகில் இரண்டும் தனித்தனிக் கருவி. கேரி நோவோசெல்ஸ்கியின் எல்யூ, ஃபைல்களை ஒரு நூலகமாகச் சேர்க்கும், சுருக்காது. ரிச்சர்ட் கிரீன்லாவின் ஸ்க்வீஸ், ஹஃப்மன் முறையில் ஒரு ஃபைலைச் சுருக்கும், சேர்க்காது. ஒவ்வொன்றையும் ஸ்க்வீஸ் செய்து நூலகத்தில் போடுவது வழக்கம். ஆக, இந்த இழையில் நடக்கும் சண்டையின் இரண்டு பக்கமும் ஒரு காலத்தில் இரண்டு தனி நிரல்கள்.

கமடோருக்கு ஆர்க்கைக் கொண்டுவந்தவர் கிறிஸ் ஸ்மீட்ஸ். சும்மா வைப்பது, தொடர் பைட்டுகளை எண்ணுவது, ஹஃப்மன், எல்.இசட்.டபிள்யூ என்று பல முறைகளைப் பார்த்து, எதில் சிறிதாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபைலுக்கும் சரிபார்ப்பு எண் உண்டு, அது லேசான விஷயம் இல்லை. லிங்க்ஸ் பொதியில் நடுவில் ஒரு பைட் கெட்டால் அந்த ஃபைலில் அந்த பைட்தான் கெடும். எல்.இசட்.டபிள்யூவில் ஒரு பிட் புரண்டால் அங்கிருந்து ஃபைலின் கடைசி வரை எல்லாம் போச்சு. எக்ஸ்மோடத்தின் பழைய சரிபார்ப்பு வெறும் எட்டு பிட் கூட்டல், எல்லாப் பிழையும் அதில் சிக்காது. சுருக்கத் தொடங்கியதும் சரிபார்ப்பும் கறாராக வேண்டியதாயிற்று.

இதெல்லாம் ஒரு மெகாஹெர்ட்ஸ் மெஷினில் நடக்கிறது. ஆர்க்கைப் பெரிய ஃபைலில் ஓடவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வரலாம். தானே பிரியும் எஸ்.டி.ஏ அதனால்தான் பிரபலம். சுருக்குகிறவர் ஒருமுறை பொறுமையாகக் காத்திருந்தால் போதும், பெறுகிறவரிடம் ஆர்க் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சும்மா_வந்தவன்

ஆர்க்காரங்க ஜிப்காரரைக் கோர்ட்டுக்கு இழுத்தாங்களே, அந்தக் கதையைச் சொல்லுங்க. சுவாரசியமே அதுலதான் இருக்கு.

நெறியாளர்

1988 வழக்கு பற்றிப் பேச ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. இங்கே பொதி மட்டும்.

நித்யா2049

ஜிப் பற்றிச் சும்மா_வந்தவன் கேட்டது கிண்டலாக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். கமடோர் ஃபைலை பி.சியில் நேராக ஜிப்பில் போட்டால் என்ன ஆகும்? டாஸ் காலத்தில் பெயருக்கு எட்டு எழுத்து, ஒட்டுக்கு மூன்று. கமடோர் பெயர் 16 எழுத்து, நடுவில் இடைவெளி வரலாம், இதயம், ஸ்பேடு மாதிரி வரைகலை எழுத்தும் வரலாம். ஜிப்புக்குள் போவதற்கு முன்பே பெயர் போய்விடும். வகையும் போய்விடும்.

90-களில் எமுலேட்டர் வந்ததும் இதற்கு இரண்டு வழி பிறந்தது. ஒன்று, வுல்ஃப்காங் லோரன்ஸின் பி.சி64 எமுலேட்டர் கொண்டுவந்த பி00 வகை. ஃபைலுக்கு முன்னால் 26 பைட் தலைப்பு. அதில் அசல் 16 எழுத்துப் பெயரும், ரெல் என்றால் ரெக்கார்ட் நீளமும் இருக்கும். வெளியே டாஸுக்குப் பிடித்த பெயர், ஒட்டில் பி என்றால் பி.ஆர்.ஜி, எஸ் என்றால் எஸ்.இ.க்யூ. இன்னொன்று டி64, 683 செக்டரையும் வரிசையாக அப்படியே எழுதி வைத்த டிஸ்க் இமேஜ். அதையும் சுருக்குவதில்லை, காலி செக்டர்கூட 256 பைட் எடுத்துக்கொள்ளும். சுருக்க வேண்டுமென்றால் வெளியே ஜிப் போட்டுக்கொள்வார்கள்.

மாணிக்கம் ஐயா, கவனியுங்கள். வேகம் பிரச்சினையாக இல்லாத காலம் வந்ததும் சுருக்கம் வெளியே போய்விட்டது, யாருடைய ஜிப்பாக இருந்தாலும் சரி. உறை மட்டும் கமடோருக்கென்றே இன்றைக்கும் இருக்கிறது.

மோடம்_மாணிக்கம்

நீங்கள் சொல்வது பின்னால் இருந்து பார்த்தால் அழகாகப் பொருந்துகிறது. அன்றைக்கு ஏற்றினவனைக் கேட்டால் நேரம் என்றுதான் சொல்வான். என்னைக் கேட்டாலும் அதுதான். லிங்க்ஸ் போட்டதற்கும் நேரக் காரணம் உண்டு பிள்ளை. பதினைந்து ஃபைலைத் தனித்தனியாக இறக்கினால் பதினைந்து தரம் பெயர் தட்ட வேண்டும், பதினைந்து தரம் காத்திருக்க வேண்டும், ஒன்றை மறந்தால் நிரல் ஓடாது. ஒரே பொதியென்றால் ஒருமுறை தட்டிவிட்டுத் தேத்தண்ணி போடப் போகலாம்.

கரிசல்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. லிங்க்ஸ் பொதிகள் அன்லிங்க்ஸில் பிரிந்துவிட்டன. உள்ளே ஒரு முகவரிப் புத்தக நிரல், அதன் ரெல் ஃபைல், படிக்க ஒரு குறிப்பு. குறிப்பில் பெரிய எழுத்து சின்ன எழுத்தாகவும் சின்னது பெரியதாகவும் தலைகீழாக இருக்கிறது, அது என்ன? எஸ்.டி.ஏ இரண்டும் தானே பிரிந்தன. ஜிப்கோட் தொகுப்புகளும் டிஸ்க் இமேஜ் ஆகிவிட்டன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் 1!, 2!, 4! இருக்கிறது, 3! மட்டும் இல்லை. மற்ற மூன்றை வைத்துக்கொண்டு ஏதாவது தேறுமா?

வட்டுவாசி

எழுத்து தலைகீழாக வருவது கமடோரின் சொந்த எழுத்துக் குறியீட்டால். மற்ற கணினிகளின் அஸ்கி குறியீட்டில் பெரிய எழுத்து இருக்கும் இடத்தில் அது சின்னதை வைத்திருக்கிறது. எந்த மாற்றியும் சரிசெய்துவிடும்.

3! இல்லாதது பெரிய இழப்பு. டைரக்டரி டிராக் 18-இல், அது 3!-க்குள். அதோடு 1541 புது ஃபைலை எழுதும்போது டைரக்டரிக்குப் பக்கத்து டிராக்குகளில் தொடங்கி வெளிப்பக்கம் நகரும். முதலில் எழுதிய ஃபைல்கள் 17, 19 என்று அங்கேயே சுற்றி இருக்கும். அதுவும் உங்களிடம் இல்லாத துண்டில்.

இருந்தாலும் ஒவ்வொரு செக்டரின் முதல் இரண்டு பைட்டும் அடுத்த டிராக்கையும் செக்டரையும் காட்டும். கடைசி செக்டரில் டிராக் எண் 0 என்று இருக்கும். அந்தச் சங்கிலியைப் பிடித்துப் போனால், முழுக்க மற்ற டிராக்குகளில் கிடக்கும் ஃபைல்களை மீட்கலாம். யாரும் சுட்டாத செக்டர் எதுவோ அது ஒரு ஃபைலின் தலை, அல்லது 3!-இலிருந்து வந்த சங்கிலியின் நடு. முதல் இரண்டு தரவு பைட் 1, 8 என்று இருந்தால் பேசிக் நிரல் தொடங்குகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். பெயர் மட்டும் கிடைக்காது.

நித்யா2049

அதற்கு முன்னால் ஒன்று. அந்த மூன்று ஃபைலும் எத்தனை பிளாக்?

கரிசல்காட்டான்

1! 165, 2! 169, 4! 174.

நித்யா2049

கூட்டினால் 508. ஒரு டிஸ்கில் பயனருக்குக் கிடைப்பது 664 பிளாக், மிச்சம் 156. சுருக்கமே விழாவிட்டால் 1!, 2! ஆளுக்கு 171 வரும், 3! 175, 4! 178. உங்கள் மூன்றும் அந்த உச்சத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, அதாவது அந்த டிஸ்க் நிரம்பிய டிஸ்க், சுருங்க மறுத்திருக்கிறது. அப்படியானால் 3!-உம் 170-ஐ ஒட்டித்தான் இருக்கும். 156-இல் அடங்காது.

நாலும் ஒரே டிஸ்கில் கொள்ளவில்லை. கட்டியவர் 3!-ஐ வேறு டிஸ்கில் போட்டிருப்பார். மற்ற ஃபோல்டர்களில் தேடுங்கள். ஃப்ளாப்பியைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலும் எழுதுவது அன்றைக்குச் சகஜம், மாமாவின் நண்பர் இரண்டு பக்கமும் படித்தாரா என்று கேளுங்கள்.

கரிசல்காட்டான்

கிடைத்துவிட்டது! மறுபக்கம்தான். நண்பர் சில ஃப்ளாப்பிகளில் ஒரு பக்கம் மட்டும் படித்திருந்தார். நேற்று மாமா மறுபடி போய்ப் படிக்கச் சொல்லி அனுப்பினார். 3! 171 பிளாக். இசட்கிரியேட் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்தது, 174,848 பைட்டில் டி64. டைரக்டரியில் ஜியாஸ் என்று இருக்கிறது. இமேஜை எமுலேட்டரில் மாட்டினால் வண்ணம் மாறி, ஜியாஸ் தொடங்குகிறது என்ற செய்தியும் வருகிறது.

இனி அந்த சி.வி.டி ஃபைல்களை இதற்குள் எப்படிக் கொண்டுபோவது?

வட்டுவாசி

அந்த டிஸ்க் நிரம்பியது, அதில் எழுதாதீர்கள். புது டி64 ஒன்றை ஜியாஸுக்குள்ளிருந்தே ஃபார்மேட் செய்யுங்கள். சி1541-ஆல் சி.வி.டியை அதில் பி.ஆர்.ஜி ஆகப் போடுங்கள். பிறகு ஜியாஸில் கன்வெர்ட்டை ஓட்டி அந்த ஃபைலைக் காட்டினால் ஐகானோடு வந்து உட்காரும். உங்கள் டிஸ்கில் கன்வெர்ட் இல்லையென்றால் சொல்லுங்கள். சி.வி.டியாக வைத்துத் தந்தால் அதைப் பிரிக்கவே கன்வெர்ட் வேண்டும், அதனால் டி64-ஆகவே அனுப்புகிறேன்.